ஏலக்காரர் படித்த டிப்ளமோ

தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருந்தது. அங்கே பாடம் சொல்லித்தந்தவருக்குக் கண் தெரியாது. அங்கே படிக்க வந்த ஒருவருக்குக் குரல் கிடையாது. இது அந்த இருவரின் கதை.

படிக்க வந்தவர் பெயர் தஸ்நேவிஸ். ஐம்பதைத் தாண்டியவர். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர். படகுகள் கரையணைந்து, சீலா மீனும் பாறை மீனும் விளைமீனும் சிமெண்டுத் தரையில் வந்து விழுந்ததும் அவர் குரல் எழும். ஐஸ் உடைக்கிற சத்தம், லாரிச் சத்தம், வியாபாரிகளின் கூச்சல் எல்லாவற்றுக்கும் மேலே அது தனியாகக் கேட்கும். ‘ஒருதரம்’ என்று அவர் இழுக்கிற இழுப்பில், வாங்கும் எண்ணமே இல்லாதவனும் கையைத் தூக்கிவிடுவான் என்பார்கள்.

தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார் மருத்துவர். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. வெளியே தெரியாமல் இருக்க மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்வார். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு மாதிரி இரைகிற ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பினார்கள். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அழுதது. கருவி அலமாரிக்குள் போய்விட்டது.

எழுதிக் காட்டலாம். ஆனால் மனைவி சலேத்துக்கு எழுத்து தெரியாது. மகள் ஜெனிட்டா இருந்தவரை அவர் எழுதியதை அவள் படித்துச் சொன்னாள். அவளும் நர்ஸ் வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டாள். பிறகு வீட்டில் கைஜாடைதான். அவர் ஒன்றைக் காட்டுவார், சலேத் வேறொன்றைப் புரிந்துகொள்வாள். முதலில் கோபப்பட்டார். பிறகு காட்டுவதையே குறைத்துக்கொண்டார்.

படகுக்காரர்களின் சங்கத்தில் அவர்மேல் மரியாதை உள்ளவர்கள் இருந்தார்கள். எந்தப் படகு என்ன மீன் கொண்டுவந்தது என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும், ஒரு டிப்ளமோ மட்டும் படித்துவிட்டு வாருங்கள், நாற்காலி உங்களுக்குத்தான் என்றார்கள். அப்படித்தான் அவர் அந்த மாடிப்படி ஏறினார்.

வாசலில் நின்றார். உள்ளே முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண், தலையைச் சற்றே சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். இசக்கியம்மாள் என்று பெயர். எல்லோருக்கும் இசக்கி டீச்சர்.

“யாரோ வந்து நிக்கிதீங்க. மூச்சு கேக்குது. உள்ள வாங்க” என்றார் டீச்சர்.

தஸ்நேவிஸ் எழுதி வைத்திருந்த துண்டுத்தாளை நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அப்போதுதான் அந்தக் கண்கள் எங்கும் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தார். திரும்பிவிடலாமா என்று நினைத்தார்.

ரூபாவதி என்ற மாணவி எழுந்துவந்து தாளை வாங்கிப் படித்தாள். பெயர் தஸ்நேவிஸ். பேச முடியாது. டி.சி.ஏ. டிப்ளமோ படிக்க வேண்டும்.

“படிக்கலாமே அண்ணாச்சி” என்றார் டீச்சர். வேறெதுவும் கேட்கவில்லை.

அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு மென்பொருள் இருந்தது. திரையில் என்ன இருக்கிறதோ அதைச் சத்தமாக வாசிக்கும். எந்த எழுத்தை அழுத்தினாலும் சொல்லும். ஏற்ற இறக்கம் இல்லாத, ஆணா பெண்ணா என்று தெரியாத குரல். டீச்சர் அதைக் கேட்டுத்தான் பாடம் நடத்தினார். யார் எங்கே தப்பு செய்கிறார்கள் என்பதை அறையின் நடுவில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

தஸ்நேவிஸுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை முழுவதும் குறைத்து வைத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் தாளில் எழுதுவார். ரூபாவதி படிப்பாள், டீச்சர் பதில் சொல்வார். சௌகரியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள், ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதி நீட்டினார். ரூபாவதி வாயைத் திறந்தாள்.

“படிக்காத ரூபா” என்றார் டீச்சர். “அண்ணாச்சியே கேக்கட்டும்.”

தஸ்நேவிஸுக்கு முகம் சுருக்கென்று சூடானது. தெரிந்துதான் பேசுகிறாளா இந்தப் பெண்? கண் இல்லாதவளைப் பார்த்து நான் ‘பார்’ என்று சொல்வேனா? நாற்காலியைத் தள்ளிவிட்டு இறங்கிப் போய்விட்டார். டீச்சர் தடுக்கவில்லை.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. கால்கள் தாமாகவே துறைமுகத்துக்குப் போயின. அவர் நின்ற இடத்தில் நின்று வேறொருவர் ஏலம் கூறிக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவருக்குப் பசியாக இருக்கும் என்றார். இன்னொருவர், இல்லை, வெயில் ஆகவில்லை அவருக்கு என்றார். டீக்கடைக்காரரைப் பார்த்து, அண்ணாச்சிக்குச் சீனி தூக்கலாக ஒரு டீ வேண்டுமாம் என்று யாரோ சொன்னார்கள்.

அவருக்கு டீ வேண்டாம். சீனி ஆகவே ஆகாது. கையை அசைத்தார். ஒன்று போதாதாம், ரெண்டாகப் போடு என்று புரிந்துகொண்டு கடைக்காரர் சிரித்தார். எல்லோரும் பிரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தஸ்நேவிஸ் டீயை வாங்கிக் குடித்தார்.

அடுத்த நாள் அவர் வகுப்பில் இருந்தார்.

ஹெட்போனைப் பிடுங்கி வைத்தார். சத்தத்தைக் கூட்டினார். கீபோர்டின் மேல் குனிந்தார். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு என்று டீச்சர் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார். அப்போது அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். ஒன்றைத் தேடினால் இன்னொன்று தட்டுப்பட்டது. அழித்தார். மறுபடி தேடினார். புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெகுநேரம் தடவினார். யாரும் உதவிக்கு வரவில்லை. வகுப்பு முடிகிற நேரத்தில் அவர் மேஜையிலிருந்து அந்தத் தட்டைக் குரல் சொன்னது:

“ஏன்.”

டீச்சர் எழுந்து, நாற்காலிகளைத் தொட்டபடி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரூபா படிச்சா எனக்கு ரூபா குரல்தான அண்ணாச்சி கேக்குது. நான் உங்ககிட்டல்லா பேசணும்.”

தஸ்நேவிஸ் அந்த முகத்தைப் பார்த்தார். கேலி ஏதும் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கிற முகமாக இருந்தது. அறுவைக்குப் பிறகு அவர் பதிலுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. எல்லோரும் அவருக்காக முந்திக்கொண்டு பேசி முடித்துவிடுவார்கள்.

மறுபடி கீபோர்டுக்குத் திரும்பி, ‘ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும்’ என்று ஆரம்பித்தார்.

அதன்பிறகு தினமும் எழுதினார். ஆனால் வேகம் வரவில்லை. ஒரு எழுத்தைத் தேடக் கீழே பார்ப்பார், வந்துவிட்டதா என்று மேலே பார்ப்பார். பொறுமை போயிற்று. ஏலம் கூறிய மனிதர் அல்லவா, நாக்கில் நூறு வார்த்தை நின்றது, விரலில் ஒன்றுகூட நிற்கவில்லை.

‘எனக்கு எப்போது வேகம் வரும்?’ என்று எழுதினார்.

குரல் அதை வாசித்தது. டீச்சர் எழுந்து வந்தார், கையை நீட்டித் தடவி, திரையை அணைத்தார்.

“எழுதுங்க” என்றார்.

கறுப்புத் திரை. தஸ்நேவிஸ் எரிச்சலோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் விரலை வைத்தார். ஒரு எழுத்து. குரல் சொன்னது. தப்பு. அழித்தார். இன்னொரு எழுத்து. சரி. அந்தக் குரலை அன்றைக்குத்தான் அவர் முழுக் கவனத்தோடு கேட்டார். கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்ததும் தலை தானாகச் சாய்ந்தது, டீச்சர் தலை சாய்வது போலவே.

சில வாரங்கள் கழித்துத்தான் திரையைப் போடச் சொன்னார் டீச்சர். அதற்குள் அவருக்கு அது தேவையில்லாமல் போயிருந்தது.

விரல் ஓட ஆரம்பித்ததும் பேச்சும் ஓட ஆரம்பித்தது. பாடத்துக்கு நடுவே துறைமுகத்துக் கதைகளை எழுதினார். பழைய மீனைப் புதிது என்று விற்க வந்தவனைப் பிடித்த கதை. ஏலத்தின் நடுவே தலையைச் சொறியக் கையைத் தூக்கிய ஒருவர் தலையில் ஒரு கூடை நெத்திலி ஏலமாக விழுந்த கதை. குரல் எல்லாவற்றையும் செய்தி வாசிப்பது போல வாசித்தது. அதனாலேயே சிரிப்பு கூடியது. டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரூபாவதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன்னால் இன்னும் ஒருவரைச் சிரிக்கவைக்க முடிகிறது என்ற எண்ணத்தோடு அன்று அவர் வீட்டுக்கு நடந்தார். ஆட்டோவுக்கு நின்றவர், அதை மறந்தே நடந்தார்.

‘நன்றி டீச்சர்’ என்று மறுநாள் எழுதினார்.

“பேக்ஸ்பேஸ் சத்தம் குறைஞ்சிருக்கு, அதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்” என்றார் டீச்சர். “காதுக்கு நிம்மதியா இருக்கு.”

தஸ்நேவிஸின் போனிலும் அதே மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் எழுதுங்கள், அக்கா கேட்கட்டும் என்றார். தஸ்நேவிஸ் ‘சரி’ என்று எழுதினார். ஆனால் வீட்டில் ஒருநாளும் அதைத் திறக்கவில்லை. சோற்றுக்குத் தட்டைக் காட்டுவார், தண்ணீருக்குக் குடத்தைக் காட்டுவார். எப்போதும் போலத்தான்.

தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் நன்றாகவே போயின. கடைசியில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர். தஸ்நேவிஸின் கழுத்தைப் பார்த்தார், பேசமாட்டார் என்று தெரிந்துகொண்டார். உடனே குரலைத் தாழ்த்தி, இவரைச் சிரமப்படுத்த வேண்டாம், நடுத்தரமாக ஒரு மார்க் போட்டுவிடுகிறேன், தேறிவிடுவார் என்று டீச்சரிடம் சொன்னார்.

சரி என்று சொன்னால் வேலை முடிந்தது. சங்கத்து நாற்காலி நிச்சயம். தஸ்நேவிஸ் டீச்சரைப் பார்த்தார்.

“அவரு பக்கத்துலதான சார் இருக்காரு” என்றார் டீச்சர். “அவர்ட்டயே சொல்லுங்க.”

தேர்வாளர் திரும்பினார். தஸ்நேவிஸ் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

‘கேளுங்கள் சார்’ என்றது குரல்.

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்க ஆரம்பித்தார். ரேமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்?

தஸ்நேவிஸ் விரல்கள் ஓடின. ஏலத்துக்குத் தரையில் கொட்டிக் கிடக்கிற மீன் ரேம், ஏலம் முடிந்தால் தரை காலி. ஐஸ் பெட்டியில் அடுக்கியது ஹார்டு டிஸ்க், நாளைக்கும் இருக்கும், என்றது குரல். தேர்வாளர் சிரித்தார். அடுத்ததைக் கேட்டார், அதற்கும் பதில் வந்தது. சுவாரசியம் கூடி, கொஞ்சம் கடினமாக ஒன்று கேட்டார். தஸ்நேவிஸ் யோசித்தார். விரல்களை வைத்தார்.

‘தெரியாது’ என்றது குரல், அதே நிதானத்தோடு.

தேர்வாளர் அதற்கும் சிரித்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் போனபிறகு டீச்சர் சொன்னார்: “எல்லாத்தையும்விட அந்தத் தெரியாதுதான் அண்ணாச்சி நல்லா இருந்துச்சு.”

முடிவு வந்தது. தஸ்நேவிஸ் தேறியிருந்தார். சங்கத்தில் திங்கட்கிழமை வந்து உட்காரச் சொன்னார்கள்.

டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எழுதினால் அந்தத் தட்டைக் குரலில் அது சின்னதாகிவிடும் என்று தோன்றியது. பெரிய உதவி செய்தவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் நிற்பது அவர்கள் வழக்கம். சலேத்திடம் டிப்ளமோ தாளைக் காட்டி, மாடிப்படி ஏறுவது போல விரலால் காட்டினார். அதை மட்டும் அவள் சரியாகப் புரிந்துகொண்டாள். நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, ஒரு டப்பா நிறைய மக்ரூன் வாங்கிக்கொண்டு அவரோடு வந்தாள்.

வகுப்பு முடிந்த சாயங்காலம். டீச்சர் மட்டும் இருந்தார்.

சலேத் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அறுவைக்கு முந்தின இரவு முழுவதும் ஜெபம் சொன்னதைச் சொன்னாள். உயிர் கிடைத்ததே போதும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியதைச் சொன்னாள். கல்யாணமான புதிதில், குரலைக் கட்டிக்கிட்டவ என்று தன்னை எல்லோரும் கேலி செய்ததைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மீன் எடுக்க அம்மாவோடு போவாளாம், கூட்டத்தில் ஆளைப் பார்க்க முடியாதாம், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவாளாம்.

“இப்ப வீட்டுல ஒரு சத்தமும் இல்ல டீச்சர்” என்றாள். “இருக்கட்டும். ஆளு இருக்காவளே.”

பிறகு மக்ரூனைத் தட்டில் எடுத்துவைக்க வேண்டும் என்று அறைக் கோடியிலிருந்த அலமாரிப் பக்கம் போனாள். அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு டப்பாவின் கட்டை அவிழ்த்து, மக்ரூனைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் தஸ்நேவிஸ் பக்கம் திரும்பினார். “வீட்டுல எழுதவே இல்லையா அண்ணாச்சி?”

தஸ்நேவிஸ் ஹெட்போனைச் சொருகி டீச்சர் கையில் கொடுத்தார். சலேத் கேட்கக் கூடாது. டீச்சர் மாட்டிக்கொண்டார். அவர் எழுதினார்:

‘இது என் குரல் இல்லை.’

“எனக்கு வேற குரல் தெரியாதே” என்றார் டீச்சர் மெல்ல.

‘அவளுக்குத் தெரியும்.’

டீச்சர் ஹெட்போனைக் கழற்றினார். அதன் வயரைத் தடவிக்கொண்டே போய், கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினார்.

“கூப்பிடுங்க” என்றார்.

தஸ்நேவிஸ் கீபோர்டின் மேல் விரல்களை வைத்தார். கழுத்துத் துணிக்குள் மூச்சு இரைந்தது. பெரிய கூட்டத்துக்கு முன்னால் முதன்முதலாக ஏலம் கூற நின்ற நாளில்கூட அவர் இப்படித் தயங்கியதில்லை. எழுத்துகளைத் தேடவில்லை, விரல்களுக்கு இடம் தெரிந்திருந்தது. ஆனால் அழுத்த மனம் வரவில்லை. டீச்சர் காத்திருந்தார்.

எழுதினார்.

“சலேத்” என்றது குரல்.

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அறை முழுவதும் கேட்டது.

“இந்தா வாறேன்” என்றாள் சலேத்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் அடுப்படியிலிருந்து சொல்வது போலச் சொல்லிவிட்டு, தட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். தட்டில் மக்ரூன்கள் மெல்ல உருண்டன.

“யாரு அக்கா கூப்பிட்டது?” என்று கேட்டார் டீச்சர்.

சலேத் திரும்பினாள். கம்ப்யூட்டரை அவள் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவியதான் டீச்சர். இவியதான் கூப்பிட்டாவ.”

டீச்சர் தலையைச் சாய்த்தார்.

“கேட்டீங்களா அண்ணாச்சி?”

தஸ்நேவிஸின் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே இருந்தன. அந்த அறையில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.